அவர் வெட்டிப்போட்ட மூச்சு

ஆபரேஷனுக்கு முன் டாக்டர், "வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். என் சொந்தக் குரலில் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நோயும் அதோடு போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். உயிர் பிழைத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

என் பிழைப்பே பேச்சு. எந்தக் கம்பெனிக்காவது போன் செய்தால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு பெண் சொல்வாளே, நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பீர்களே, அந்தப் பெண் நான். சில லிஃப்டுகளிலும் இருந்திருக்கிறேன். என் கணவர் ஒலிப்பதிவாளர். உள்ளறையில் இருந்த பெரிய அலமாரிக்குள் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்து, என்னை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவார். அவர் வெளியே லேப்டாப்போடு உட்கார்ந்து பதிவு செய்வார். குடும்பம் அப்படித்தான் நடந்தது. பிறகு கம்பெனிகளெல்லாம் மெஷின் குரலுக்கு மாறிவிட்டன. எனக்கு வேலை நின்றது.

நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதே ஒரு வாரத்துக்குத் தாங்கும். அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். அவர் எரிந்து விழுவார். பிறகு இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இதை அடியோடு நிறுத்திவிட்டார். நான் எழுதி அழிக்கும் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு திரிந்தேன். அதில் எதை எழுதிக் காட்டினாலும் பாதி படிக்கும்போதே, "சரிம்மா, நீ சொன்னா சரிதான்" என்பார், அடுத்த வீட்டுக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி. எழுதி முடிப்பதற்குள் என் கோபத்தில் பாதி ஆறிவிடும். மீதியை அந்த "சரிம்மா" அணைத்துவிடும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டதில்லை. இப்போது நடந்துகொள்கிறார், எனக்குத் தாங்கவில்லை. ஒரே வீட்டில் நான் தனியாக இருப்பது போலிருந்தது. அதையும் எழுதிக் காட்டலாம். காட்டினால் "சரிம்மா" என்பார்.

உதவிக்கு அவருடைய அக்கா வந்து தங்கியிருந்தார். என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன், கூப்பிட முடிந்த காலத்தில். நல்ல மனுஷி. உலகத்தில் யாரும் யார் மனதையும் புண்படுத்தக் கூடாது அவருக்கு. நான் பலகையில் எழுதுவதை மற்றவர்களுக்கு உரக்கப் படித்துச் சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். படிக்கும்போது தேவையான திருத்தங்களையும் செய்துவிடுவார். என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதால் ஒரு நாள், "எனக்குத் தூக்கம் வருகிறது, கிளம்பச் சொல்லுங்கள்" என்று எழுதி அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி படித்தார்: "நீங்க வந்ததுல அவளுக்கு ரொம்ப சந்தோஷமாம். இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணுமாம்."

அவர் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆஸ்பத்திரியின் பேச்சுப் பிரிவில் எனக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். எழுத்தை அடித்தால் அது பேசும். பேசுகிற குரல் யாரோ ஒரு சின்னப் பெண்ணுடையது. எதைச் சொன்னாலும் எனக்குப் பரிசு விழுந்துவிட்ட மாதிரியே சொல்வாள். வயிற்றைப் புரட்டுகிறது என்று அடித்தேன். அவள் அதைக் குதூகலமாக அறிவித்தாள். டேப்லெட்டை மூடி டெக்னீஷியனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

டெக்னீஷியன் இளம்பெண், பொறுமைசாலி. "பழைய ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா மேடம்? இருந்தா இது உங்க குரல்லயே பேசுற மாதிரி பண்ணலாம். நிறைய வேணும். அதைவிட முக்கியம், சுத்தமா இருக்கணும். இருமல், பின்னாடி சத்தம், பேச்சு மேல பேச்சு, எதுவும் இருக்கக் கூடாது" என்றாள்.

என் கணவர் முகத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. "என்கிட்ட சுத்தம் இல்லாததே கிடையாதும்மா" என்றார்.

அது உண்மை. வீட்டில் சட்டையைக் கழற்றிய இடத்திலேயே போடுகிறவர், ஒலி என்று வந்துவிட்டால் வேறு ஆள். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் மூச்சு இழுப்பது திரையில் சின்னக் கோடுகளாகத் தெரியும். ஒன்றுவிடாமல் தேடி வெட்டுவார். "லிஃப்டு மூச்சு விடாது" என்பது அவர் வாதம். நான் தடுமாறியதையும் கோபத்தில் கத்தியதையும் தனித்தனித் துண்டுகளாக வெட்டி, 'குப்பை' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் போடுவார். வேலையை ஒப்படைத்ததும் அந்த ஃபோல்டரை அழித்துவிடுவார். அழித்ததையும் காலி செய்துவிடுவார். அதன் பிறகுதான் எழுந்து கை கழுவப் போவார்.

எல்லாம் அந்தப் பழைய லேப்டாப்பில் இருந்தது. லேப்டாப் அலமாரி மேல் இருந்தது. பாட்டரி வீங்கி மூடி சரியாக மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு சலனமும் இல்லை. ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் திறந்து பார்த்து, பாட்டரியை முதல் வேலையாக அப்புறப்படுத்தினார்.

"போர்டு போயிடுச்சு சார். ஹார்டு டிஸ்க் நல்லா இருக்கலாம். அதை மட்டும் கழட்டி, ஒரு அடாப்டர்ல மாட்டி, வேற லேப்டாப்ல சொருகிப் பாருங்க. பென் டிரைவ் மாதிரி தெரியும். நானே பண்ணித் தரவா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் என் கணவர். பழைய நாளாக இருந்தால் அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருப்பேன். பலகை பையில் இருந்தது. எடுத்து எழுதுவதற்குள் அடாப்டரை வாங்கிவிட்டார்.

அடாப்டர் என்பது ஒரு சாண் வயர். ஒரு முனை யூஎஸ்பி, மறு முனையில் அகலமான வாய். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். நான் அவற்றை ஒரு மூடியில் வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாம் கழன்ற பிறகும் அடிப்பாகம் வரவில்லை. கொஞ்ச நேரம் நெம்பினார். ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு அடியில் இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கும் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி நெம்பினார். ஓர் ஓரம் உடைந்த பிறகு ஸ்டிக்கரைக் கிழித்தார். ஸ்க்ரூ இருந்தது.

டிஸ்க் ஒரு சீட்டுக்கட்டு அளவுதான். அடாப்டரின் வாய் அதில் சிக்கென்று பொருந்தியது. மறுமுனையை, வெளியூரிலிருந்து எங்கள் மருமகள் அனுப்பியிருந்த புது லேப்டாப்பில் சொருகினார். டிஸ்க்குக்குள் ஏதோ சுற்ற ஆரம்பித்தது. அவர் குனிந்து அதில் காதை வைத்துக் கேட்டார். எதையும் அவர் முதலில் காதால்தான் பார்ப்பார்.

"சுருதி சுத்தமா இருக்கு" என்றார்.

திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. கண்ணாடி இல்லாததால் அவருக்கு அதைப் படிக்க முடியவில்லை. "யாரும் எதையும் தொடாதீங்க. கண்ணாடிய எடுத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். நான் மேசையின் இந்தப் பக்கம் ஸ்க்ரூ மூடியோடு நின்றிருந்தேன். லேப்டாப்புக்கு நேரெதிரில் உட்கார்ந்திருந்தது அண்ணி.

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. போனிலோ கம்ப்யூட்டரிலோ எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் 'சரி' என்று அழுத்திவிடுவார். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையாம். அப்படி அழுத்தி அழுத்தி அவர் போனில் ஏழெட்டு அந்நிய பாஷைகள் குடியேறியிருந்தன.

"பாவம், எவ்ளோ நேரமா கேட்டுக்கிட்டு நிக்குது" என்று அழுத்தினார்.

நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது பெட்டி வந்திருந்தது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், செய்யட்டுமா என்று கேட்டது. அண்ணியின் விரல் மௌஸ் மேல் இருந்தது.

வாயைத் திறந்தேன். "அண்ணி, வேண்டாம்" என்பது முழுதாக உள்ளே தயாராக இருந்தது. காற்று மட்டும் கழுத்துத் துளை வழியாகப் புஸ்ஸென்று போய்விட்டது. மூடியை மேசையில் ஓங்கி அடித்தேன். ஸ்க்ரூக்கள் சிதறின. அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"இதோ ஆச்சும்மா" என்று அழுத்தினார்.

மேசையைச் சுற்றி ஓடிப் போய் வயரைப் பிடுங்கினேன். அதற்குள் வேலை முடிந்திருந்தது. நல்லது நடக்கத்தான் அந்த மெஷின்கள் நேரம் எடுத்துக்கொள்ளும்.

அவர் கண்ணாடியோடு வந்து மறுபடி மாட்டிப் பார்த்தார். டிஸ்க் திரையில் நன்றாகவே தெரிந்தது, துடைத்துவிட்ட தட்டு மாதிரி. உள்ளே ஒன்றும் இல்லை. என்ன நடந்தது என்று அண்ணியே அழுதுகொண்டு சொன்னார். "கேட்டுச்சு, பதில் சொன்னேன்டா தம்பி. வேற ஒண்ணும் பண்ணலடா."

பழைய மனுஷனாக இருந்தால் அன்று வீடு இரண்டுபட்டிருக்கும். அவர் அக்காவிடம் "பரவால்லக்கா" என்றார். என் பக்கம் திரும்பி "பரவால்லம்மா" என்றார். குரல் போனதற்காக நான் ஆஸ்பத்திரியிலேயே அழுது முடித்திருந்தேன். அது இரண்டாவது தடவையும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளறைக்குப் போய் அந்த அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டு அழுதேன். என் அழுகைக்கும் இப்போது சத்தம் கிடையாது, அதனால் யாரும் வரவில்லை.

மறுநாள் அவர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானே பண்ணித் தரேன்னு சொன்னேன்" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"இது அவசர ஃபார்மேட்டுதான் சார். புத்தகத்துல பொருளடக்கத்த மட்டும் கிழிச்ச மாதிரி. பக்கமெல்லாம் உள்ளதான் இருக்கும். இது மேல எதையும் எழுதிடாதீங்க. ஒரு சாஃப்ட்வேர் தரேன், அது மூலை முடுக்கெல்லாம் தேடி எடுத்து வேற டிஸ்க்ல போடும். ஃபைலுக்குப் பேர் வராது, வெறும் நம்பர்தான் வரும். அப்புறம் நீங்க எப்பவோ அழிச்சுப் போட்டதும் சேர்ந்து வரும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

சாஃப்ட்வேர் இரண்டு நாள் தேடியது. வீட்டில் யாரும் லேப்டாப் இருந்த பக்கம் போகவில்லை. அண்ணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடமாடினார். கடைசியில் ஆயிரக்கணக்கில் ஒலித் துண்டுகள் வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் நம்பர்தான் பெயர். அவர் பொத்திப் பொத்தி வைத்த சுத்தமான துண்டுகளும், அழித்து, அழித்ததையும் காலி செய்து கை கழுவிய குப்பையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அருகில் போனேன். "ஒண்ணுமில்லம்மா, குப்பை" என்று அவசரமாக அடுத்ததுக்குப் போகப் பார்த்தார். ஹெட்போனைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேன்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு..." என்று என் போன் குரல் ஆரம்பித்து நின்றது. ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். மூக்கிலிருந்து நெஞ்சு வரை நிறைகிற மூச்சு. அதற்கு அடுத்து நான்.

"ஏங்க, அங்க என்ன சத்தம்? பிஸ்கட் பாக்கெட்டப் பிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல? இங்க ஒருத்தி போர்வைக்கு நடுவுல வெந்துக்கிட்டு நிக்கிறேன், உங்களுக்கு இப்பதான் பசிக்குதா?"

தூரத்திலிருந்து அவர்: "நீ ஒழுங்கா படிச்சிருந்தா நான் எப்பவோ சாப்பிட்டிருப்பேன்."

"நான் ஒழுங்காத்தான் படிக்கிறேன். உங்க காதுதான் ஒழுங்கா இல்ல. அத வச்சுத்தான் தொழில் வேற பண்றீங்க."

நின்றபடியே அடுத்ததைக் கேட்டேன். அதற்கு அடுத்ததையும் கேட்டேன். நான் இவ்வளவு வேகமாகப் பேசுவேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. என்னை நான் எவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணீர் ஹெட்போன் வயர் வழியாக இறங்கியது. பலகையை எடுத்து, "எனக்கு இதுதான் வேண்டும்" என்று எழுதினேன்.

"அந்தப் பொண்ணு சுத்தமா இருக்கணும்னு சொல்லிச்சேம்மா" என்றார்.

எழுதியதற்கு அடியில் கோடு போட்டேன். சாக்பீஸ் உடைந்தது. அவர் பலகையை முழுவதுமாகப் படித்தார். அன்று "சரிம்மா" வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குப்பையை எல்லாம் ஒரு பக்கம் சேர்த்தார். தன் குரலை எடுத்தார். பிஸ்கட் சத்தத்தை எடுத்தார், நாற்காலி கிரீச்சிட்டதை எடுத்தார், தெருவில் போன வண்டிகளை எடுத்தார். என் மூச்சு வந்த இடங்களில் அவருடைய கை பழக்க தோஷத்தில் வெட்டப் போகும், நின்றுவிடும். அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார். சுத்தமானது ஒன்று, சுத்தமில்லாதது ஒன்று என்று இரண்டு பென் டிரைவ்களை டெக்னீஷியனிடம் கொடுத்தோம். இரண்டாவதைக் கொஞ்சம் கேட்டுவிட்டு அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இது சரியா வருமான்னு தெரியல சார், முயற்சி பண்றேன்" என்றாள்.

சில வாரங்கள் கழித்துக் கூப்பிட்டாள். அண்ணியும் வந்தார். அவளுடைய சிறிய அறையில் நாங்கள் நால்வரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.

முதலில் சுத்தமான குரலைப் போட்டாள். டேப்லெட்டில் "தண்ணீர் வேண்டும்" என்று அடித்தேன். என் குரல்தான், சந்தேகமே இல்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேறு சேவைகளுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்றும் சொல்லப் போகிறது என்று நானே காத்திருந்தேன்.

"தேனா இருக்கு" என்றார் அண்ணி. "இதையே வச்சுக்கோம்மா. கேக்கறவங்களுக்கும் நல்லாருக்கும்."

"எனக்கும் இதுதான் சரின்னு படுது மேடம்" என்றாள் டெக்னீஷியன். "ரெண்டாவதையும் செஞ்சிருக்கேன். ஆனா கொஞ்சம் கரடுமுரடா இருக்கு. பேசறதுக்கு முன்னால மூச்சு கூட கேக்குது. எவ்ளோ முயற்சி பண்ணியும் அது போகல."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு பையின் வாரைத் திருகினார்.

இரண்டாவதைப் போட்டுவிட்டு டேப்லெட்டை என்னிடம் நீட்டினாள். எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். முதல் வார்த்தை என்பதால் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "தம்பிக்கு நன்றின்னு போடு" என்று அண்ணி எடுத்துக் கொடுத்தார். அறை புழுக்கமாக இருந்தது. மனதில் இருந்ததை அடித்து அழுத்தினேன்.

டேப்லெட் மூச்சை இழுத்தது. பிறகு, "எவ்ளோ நேரம் இங்கயே உக்காந்திருக்கறது, எந்திரிங்க" என்றது.

மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். என் கணவர் முழங்காலை மேசையில் இடித்துக்கொண்டு எழுந்தார். அண்ணி செருப்பைத் தேடினார். என் பழைய குரலைக் கேட்டே இராத டெக்னீஷியனும் எழுந்து, தன் சொந்த அறையில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றாள். இத்தனை மாதமாக நான் எழுதிக் காட்டிய எதற்கும் ஓர் ஆள் இப்படி அசைந்ததில்லை. உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான். இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது, அதே வரியை மறுபடி அழுத்தினேன்.

கதவருகில் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் சட்டென்று திரும்பினார்.

"எந்திரிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன சும்மா சும்மா கத்திக்கிட்டு? நீதான் இன்னும் உக்காந்திருக்க."

"உடம்பு முடியாதவகிட்ட இப்படியாடா பேசறது" என்று பதறினார் அண்ணி.

அவர் அக்காவைக் கவனிக்கவில்லை. அவர் சொன்னதில் மருந்துக்குக்கூட மரியாதை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசானது. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வேகமாக அடிக்கத் தொடங்கினேன். அவர் பையைத் தரையில் வைத்துவிட்டு, நான் அடித்து முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நின்றார்.